தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம்

"மேஸ்திரி, நாப்பது வருசம் டிங்கரிங் பாத்திருக்கிய. புதுசா தொழிலுக்கு வந்தவங்களுக்கு நாலு நல்ல வார்த்த எழுதித் தாருங்க" என்று நம் வண்டிப் பட்டறைத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் கேட்டார். நல்ல வார்த்தை எதுவும் என்னிடம் கைவசம் இல்லை. மலையாளத்தில் எழுதியிருந்தால் கேரளத்தில் பள்ளிக்கூடம் போன உங்களில் பாதிப் பேருக்கு வாசிக்கச் சுலபமாக இருக்கும். ஆனால் கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வருகிறது. வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள்.

போன வாரம் சங்கக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் தான் எடுத்த ஒரு வீடியோவைச் செல்போனில் காட்டினார். பழைய எண்ணூறு சிசி கார் ஒன்று, வீட்டு முற்றத்தில் வைத்தே பத்து நாளில் புதிதாக்கியது. புதுப் பெயிண்ட், அகலமான டயர், அலாய் வீல், பின்னால் ஒரு றெக்கை. எல்லாம் சரி. நடுவில் வண்டிக்குள் தரையைக் காட்டினார்கள். துருப்பிடித்து அரித்துப்போன தரைமேல் ஃபைபர் துணியை விரித்து, பசையைத் தேய்த்து, அதற்குமேல் கறுப்புப் பூச்சு அடித்து, 'தரை ரெடி' என்று ஒரு குரல் சொன்னது. கூடவே ஒரு பாட்டு. எல்லோரும் கை தட்டினீர்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். "மேஸ்திரிக்குப் பிடிக்கல்ல, பொறாமையாக்கும்" என்று ஒருவர் சொன்னது வாசல் வரைக்கும் கேட்டது.

பொறாமை இல்லை, தம்பிகளே. கோபம். பாதிக் கோபம் அந்த வீடியோக்காரன்மேல். மீதி யார்மேல் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாறசாலைப் பட்டறையை விட்டுவிட்டு, முழங்கால் ஒத்துழைத்த வரைக்கும் வீடுகளுக்குப் போய் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம். திருப்புறத்தில் ஒரு வீட்டிலிருந்து பிஜு என்பவன் வந்து கூப்பிட்டான். அவன் தகப்பனார் வாங்கிய எண்ணூறு வண்டி, அவர் காலமானபிறகு ஐந்து மழைக்காலம் கொட்டகையில் கிடந்தது. அதைச் சரியாக்கி ஓட வைக்கவேண்டும். யாருக்கு என்று கேட்டேன். "தங்கச்சிக்கு" என்றான்.

தங்கச்சி பெயர் சுஜா. நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். படிக்கிற காலத்தில் பஸ் ஏறும்போது விழுந்து வலதுகால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. செயற்கைக்கால் வைத்து நன்றாகவே நடப்பாள். ஆனால் ஏழு மணிக்கு லேப் திறந்தாக வேண்டும். அந்த நேரத்துக்கு அவள் ஏறக்கூடிய பஸ் கிடையாது. பிஜு பைக்கில் கொண்டுவிடவேண்டும். ஆறேகாலுக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் முற்றத்தில் நிற்பாள். அவன் அப்போதுதான் பல் தேய்க்க ஆரம்பிப்பான். இதை நான் ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வேலை நடந்த அத்தனை நாளும் கண்ணால் பார்த்தேன். இன்னும் ஒரு மாதம் பிந்தி வந்தால் வேறு ஆளைப் போடுவோம் என்று லேபில் சொல்லிவிட்டார்கள். அந்த வேலைக்காகத்தான் அவளுக்கு அந்த வண்டி தேவைப்பட்டது. அலங்காரத்துக்கு அல்ல.

காலுக்குப் பதில் கையால் ஓட்ட உதவும் கருவிக்கான பணத்தை அவளே சேர்த்து வைத்திருந்தாள். அது அங்கீகாரம் பெற்ற நல்ல கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே வலது பக்கம் ஒரு லீவர். தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். கிளட்சுக்கு அவளுடைய இடதுகால் போதும். அதிகாரியிடம் காட்டிப் பதிவும் வாங்கியாயிற்று, அவளும் வேறொரு வண்டியில் பழகி லைசென்ஸ் எடுத்தாயிற்று. அதுவரைக்கும் நான் செய்த வேலையில் இன்றைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது.

ஒரு குறை உண்டு. அதை நீங்கள் யாரும் குறை என்று நினைக்கமாட்டீர்கள், அதனால் சொல்கிறேன். ஆண் ஒருவன் இருக்கிற வீட்டுக்கு வேலைக்குப் போனால் நாம் அவனிடம்தான் பேசுவோம். வண்டி யாருடையது என்பது முக்கியமில்லை. முற்றத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நம்முடன் நிற்பவன்தான் நமக்கு வண்டிக்காரன். கலர் என்ன, சீட்டுத்துணி என்ன, எல்லாம் அவனிடம் கேட்போம். சுஜா கேட்ட கேள்விக்குக்கூட நான் பிஜு முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். எந்தப் பட்டறையிலும் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எல்லோரும் அப்படிச் செய்தார்கள், நானும் செய்தேன்.

கருவி மாட்டிப் பதிவு முடிந்த வாரம் அவள் வண்டியில் உட்கார்ந்து லீவரைத் தள்ளிப் பார்த்தாள். "மாமா, தள்ளும்போ சீட்டு லேசா ஆடுதே" என்றாள்.

சரி பார்ப்போம் என்று சீட்டைக் கழற்றினேன். தரைவிரிப்பைத் தூக்கினால் கீழே பூவாற்றுக் கடற்கரை உப்புக்காற்று தின்ற மிச்சம்தான் இருந்தது. சீட்டின் பின்கால்கள் தரையில் பிடிக்கிற இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். அழுத்தக்கூடத் தேவையிருக்கவில்லை. கைப்பிடி வரைக்கும் இறங்கிவிட்டது.

அந்தத் தரையை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத்தகடு வைத்து, சீட்டுப் பிடிக்கிற இடத்தில் கனத்த தகடு கொடுத்து வெல்டு செய்யவேண்டும். அது நான் முந்நூறு தடவை செய்த வேலை. இரண்டு வாரம் ஆகும் என்றேன். பிஜு கொதித்துப்போனான்.

"மேஸ்திரி, ஒம்பதாம் நாளு எனக்க புதுவீட்டுக்குப் பால்காய்ப்பு. ஆளுவ வரும்போ வண்டி முத்தத்துல நிக்காண்டாமா? நான் ஊரு முழுக்கப் பறைஞ்சாச்சு."

"தரை போச்சு மக்கா. தகடு மாத்தாம ஒக்காது."

"தரைய ஆரு பாக்கப் போறாவ? மேல மேட்டு விரிக்கியோம்லா? பெயிண்டுதான் முக்கியம். பால்காய்ப்பு கழியட்டு, பின்ன நீங்க என்ன வேணும்னாலும் வெட்டுங்க."

அவன் கார் மெக்கானிக் இல்லை. அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் அவனைத் திட்டிக் கதையை முடித்துவிடலாம் என்று நீங்கள் நினைத்தால் நடக்காது. நான் வெல்டிங் மிஷினைப் போடும்போதெல்லாம் பக்கத்து வீட்டில் கரண்ட் இறங்கி மிக்ஸி நின்றுபோய், அங்கிருந்து சத்தம் வேறு வந்துகொண்டிருந்தது. வேலையும் சீக்கிரம் முடியவேண்டும், முழங்காலும் வலிக்கிறது. மெல்லிய தகடு ஒன்றை மேலே வைத்து, சுற்றிலும் ஃபைபர் துணி விரித்து, பசை தேய்த்து, கறுப்புப் பூச்சு அடித்தேன். போல்ட்டை முறுக்கினேன். போல்ட்டும் இறுகியது. ஃபைபரில் போல்ட் இறுகத்தான் செய்யும், அதுதான் அதன் ஏமாற்று. பால்காய்ப்பு கழிந்ததும் ஒழுங்காகச் செய்துவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தொழிலில் நாம் எவ்வளவு பொய் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால், அதிகம் நம்மிடம்தான்.

முடித்தபிறகு சுஜா மறுபடி உட்கார்ந்து லீவரைத் தள்ளினாள். இரண்டு தரம், மூன்று தரம். பிஜு புது அலாய் வீலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இன்னும் ஆடுது."

நான் பிஜுவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன். "புதுசுல அப்படித்தான் ஆக்கும். ஓட்டிப் பழகினா சரியாயிரும்."

அவளுடைய இரண்டு கையும் ஒரு காலும் அந்த சீட்டை நம்பித்தான் இருந்தன. அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிடுமா? ஆனால் நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பால்காய்ப்பு நன்றாக நடந்தது. வண்டி முற்றத்தில் பளபளவென்று நின்றது. வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். "அண்ணன் தங்கச்சிக்கு வண்டி குடுத்தானே" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். கருவிக்கான பணம் சுஜாவுடையது, வண்டி அவள் அப்பாவுடையது. ஒருத்தருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. எனக்கும் ஒரு புது வேட்டி கிடைத்தது, வாங்கிக்கொண்டேன்.

அதற்கு மூன்றாம் நாள், திங்கட்கிழமை காலை, ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பிஜுவின் போன் வந்தது.

"மேஸ்திரி, அவ வண்டியக் கொண்டு மதிலுல சாத்திட்டா. சீக்கிரம் வாருங்க."

கால்வாய்க் கரையிலிருந்து சாலை இறங்கி ஒரு மதிலை ஒட்டி வளைகிற இடம். அந்த மதில் ஓரத்தில் தினமும் ஒரு அம்மா மீன் விற்பாள். நான் போய்ச் சேரும்போது வண்டியின் மூக்கு மதிலுக்குள் இருந்தது. மீன்காரியின் அலுமினியப் பாத்திரம் டயருக்கடியில் நசுங்கிக் கிடந்தது. சாளை மீனெல்லாம் சாலையில், காக்கைகள் வட்டமிட்டன. அவள் தண்ணீர் பிடிக்க எதிர்வீட்டுக்குப் போயிருந்தாள். போகாமல் இருந்திருந்தால் என்ன என்பதை நான் எழுதமாட்டேன், நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

சுஜா மதிலின் திட்டில் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டு ஒடிந்து, துப்பட்டாவால் கட்டித் தொங்கவிட்டிருந்தது. ஆட்டோ வரக் காத்திருந்தாள். சுற்றி நின்ற கூட்டத்தில் ஒவ்வொருவனும் வண்டியோட்டுவதில் டாக்டர் பட்டம் வாங்கியவன்போலப் பேசினான்.

"பிரேக்குக்குப் பதிலா வேகத்தக் குடுத்திட்டா."

"ரெண்டு காலும் உள்ளவளே இந்த எறக்கத்துல விழுவா. பின்ன இவ?"

பிஜு தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான். "நான் அண்ணைக்கே சொன்னேன், இவளுக்கு ஒக்காதுண்ணு. கேட்டாளா?"

அவன் என்றைக்கும் அப்படிச் சொன்னதில்லை.

சுஜா என்னைப் பார்த்தாள். "மாமா, நான் தள்ளினேன். இழுக்கல்ல. தள்ளும்போ பின்னால மறிஞ்சு விழுந்தேன், பொறவுதான் வண்டி சாடிச்சு."

கூட்டம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. எனக்கு அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. திறந்திருந்த கதவு வழியே பார்த்தேன். சீட்டின் பின்கால் இரண்டும் ஃபைபரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்திருந்தன. கை லீவரைத் தள்ளுகிற பலம் முதுகு வழியே சீட்டுக்கு வரும், சீட்டு வழியே தரைக்கு வரும். தரை நின்றால்தான் பிரேக் நிற்கும். அவள் பலமாகத் தள்ளினாள், தரை கிழிந்தது, சீட்டோடு பின்னால் மல்லாந்தாள். பிடித்த பிடியை விடாததால் லீவரும் அவளோடு பின்னால் வந்தது. இழுத்தால் வேகம். அவளுடைய கையை வைத்தே அவளை மதிலில் மோதவைத்தது நான் போட்ட தரை.

பிஜு வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். "மோதின மோதுல சீட்டும் பிஞ்சு போச்சு" என்றான்.

பிய்ந்தது முதலில், மோதியது பிறகு. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருக்கவேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"வெப்புராளத்துல, அந்தப் பதட்டத்துல கை மாறியிருக்கும் மக்கா. ஆருக்கும் வரும்."

அவள் ஆட்டோ வந்ததும் ஏறிப் போனாள். திரும்பிப் போகும்போது இறக்கத்தில் இரண்டு கறுப்புக் கோடுகளைப் பார்த்தேன். நாலு எட்டு வைக்கும் நீளம், அதோடு சட்டென்று நின்றிருந்தன. டயர் பூட்டித் தேய்ந்த தடம். பிஜு ஆசைப்பட்டுப் போட்ட அகலமான டயர், தடமும் அகலமாகவே விழுந்திருந்தது. பிரேக் பிடித்தவள்தான் அந்தத் தடத்தைப் போட முடியும். அதைப் பார்த்துவிட்டும் நான் ஸ்கூட்டரை நிறுத்தாமல் வீட்டுக்குப் போனேன்.

நாலு நாள் பேசாமல் இருந்தேன். இந்த நாலு நாளைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும், தரையை அல்ல. தரையில் தப்புச் செய்யாத டிங்கர் இல்லை. அந்த நாலு நாளும் எனக்குப் பதில்கள் வந்துகொண்டே இருந்தன. யாரும் சாகவில்லையே. கைதானே, சேர்ந்துவிடும். நாற்பது வருஷப் பேர், இந்த வயதில் போனால் திரும்ப வருமா? அவள் ஓட்டாமல் இருப்பதும் ஒரு வகையில் நல்லதுதானே? கடைசிப் பதில் வந்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அதைத் துப்பிவிட்டு எழுந்து போகவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் டீக்கடையில் பிஜு என்னைப் பார்த்துத் தானாகவே வந்து உட்கார்ந்தான்.

"நாளக் காலம்பற வண்டிய ஆக்கர்கடைக்குக் குடுக்கேன் மேஸ்திரி. ஆளு வாறான். அவளும் வேலைய விடுதா. கடுதாசி எழுதித் தந்திட்டா, நான் கொண்டு குடுக்கணும்."

"அவளே எழுதினாளா?"

"எழுதாம? வீட்டுல இருக்கட்டு. நான் இருக்கேம்லா, நான் பாத்துக்கிடுவேன்."

ஆறேகாலுக்குப் பல் தேய்த்து முடிக்கமுடியாதவன் ஆயுசுக்கும் அவளைப் பார்த்துக்கொள்ளப் போகிறான். எனக்கு வந்த கோபத்தில் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். ஆனால் அவன் சொன்னதில் வேறொன்றும் இருந்தது. வண்டி பழைய இரும்புக்குப் போனால் தரையும் போகும். கிழிந்த ஃபைபரை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. நான் தப்பித்தேன். அது மனதில் பட்ட நொடியில் உள்ளே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

மறுநாள் காலையிலேயே போய்விட்டேன். லாரி முற்றத்தில் நின்றது. இரண்டு பேர் வண்டியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். சுஜா கையில் மாவுக்கட்டோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"கயித்த அவிருங்க" என்றேன்.

"என்ன மேஸ்திரி?" என்று பிஜு வந்தான்.

இந்தத் தடவை அவனிடம் போகாமல் வாசற்படிக்குப் போனேன். "மக்கா, இஞ்ச வந்து பாரு" என்று அவளைக் கூப்பிட்டேன். வண்டிக் கதவைத் திறந்து விரிப்பைக் கிழித்து எறிந்தேன். கிழிந்த ஃபைபரை, அதன் கீழே இருந்த துருவை, திருப்புளி இறங்கிய ஓட்டையை எல்லாம் காட்டினேன். என்ன செய்தேன், ஏன் செய்தேன், அன்றைக்கு மதில் பக்கத்தில் எதைப் பார்த்துவிட்டு எதைச் சொன்னேன் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன்.

பிஜு என் சட்டையைப் பிடித்துவிட்டான். "ஓய், நீரு எனக்க தங்கச்சியக் கொல்லப் பாத்தீரா?"

"ஆமா."

"நான் பெயிண்டுதானே சொன்னேன்? தரை போனா ஆளு சாவும்ண்ணு நீருல்லா சொல்லணும்?"

அவன் சொன்னது சரி. சட்டையை விடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம்பாமல் மறுபடியும் சொன்னான், "மோதினபொறவு பிஞ்சிருக்கும். அவ இழுத்திருப்பா." தங்கச்சிமேல் உள்ள சந்தேகத்தை விடுவது அவனுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. "பைக்க எடு" என்றேன். பின்னால் ஏறிக்கொண்டேன்.

தடம் அங்கேயே இருந்தது. நான் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான், தன் டயரின் அகலம்தானா என்று தடத்தைக் கையால் அளந்தான். மதில் ஓரத்தில் புதுப்பாத்திரம் வைத்து உட்கார்ந்திருந்த மீன்காரி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னத்தத் தேடுதிய? அண்ணைக்கு எதிர்வீட்டு வாசல்ல நிண்ணு நான் பாத்தேன். வண்டி முதல்ல நிக்கத்தான் வந்துது, பொறவாக்கும் சாடிச்சு."

"இத ஏன் அண்ணைக்குச் சொல்லல்ல?" என்று பிஜு கேட்டான்.

"சொன்னேனே! ரெண்டு மட்டம் சொன்னேன். எனக்க பேச்ச ஆரு கேட்டாவ? சாளைக்கு வெல கேட்டிய, அதாக்கும் கேட்டிய."

அன்றைக்கு நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். அவள் சொன்னது என் காதிலும் விழவில்லை.

திரும்பி வந்தபோது சுஜா அதே இடத்தில் வண்டியின் திறந்த கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அழுவாள் அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. லேபில் பேசுகிற குரலில் பேசினாள்.

"மாமா, சீட்டு ஆடுதுண்ணு நான் சொன்னேன். ரெண்டு தடவ."

"சொன்னே மக்கா."

"எங்க லேபுல ரத்தக் குப்பியில பேரு மாறிப் போச்சுண்ணு தெரிஞ்சா, தெரிஞ்ச நிமிசம் வார்டுக்குப் போன் பண்ணணும். வேல போனாலும் செரி, மானம் போனாலும் செரி. நானும் ஒருதடவ பண்ணியிருக்கேன், எல்லாரும் முன்னால நிண்ணு ஏச்சும் கேட்டிருக்கேன். நாலு நாளு நான் மிண்டாம இருந்தா அந்த ஆளு செத்துப்போவான். நீங்க நாலு நாளு இருந்திய. எனக்கே சந்தேகம் வந்துபோச்சு மாமா, நான்தான் இழுத்தேனோண்ணு. அதனாலயாக்கும் அந்தக் கடுதாசிய எழுதினேன்."



அவள் பிஜுவிடம் கையை நீட்டினாள். அவன் சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தான். ஒற்றைக்கையால் கிழிக்க முடியாததால் பல்லில் கடித்துக் கிழித்தாள். லாரிக்காரர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு முணுமுணுத்தபடி போனார்கள்.

"தரைய நீங்களே மாத்தணும் மாமா. வேற ஆளு வேண்டாம். ஆனா நான் பாக்காம ஒண்ணையும் மூடாண்டாம். எதுண்ணாலும் என்னட்ட கேக்கணும், அண்ணன்ட்ட இல்ல."

ஒன்றரை மாதம் வேலை நடந்தது. நசுங்கிய மூக்கை நிமிர்த்தினேன், முன்பக்கத் தரை முழுவதையும் வெட்டியெடுத்தேன். பிஜு அகலமான டயரை அவனாகவே கழற்றிப் பழைய டயரை மாட்டினான். ஒவ்வொரு தகடு வைத்தபிறகும் சுஜா வந்து குனிந்து, நல்ல கையில் திருப்புளியைப் பிடித்துக் குத்திப் பார்ப்பாள். பூச்சு அடிக்கும்முன் ஒருதரம், அடித்தபிறகு ஒருதரம். ஒரு மூலையில் வெல்டு சரியில்லை என்று சொன்னாள். பார்த்தேன், சரியில்லைதான். அதை அறுத்துவிட்டு மறுபடி போட்டேன். கடைசியில் அவள் சீட்டில் உட்கார்ந்து லீவரைத் தள்ள, நான் பின்சீட்டிலிருந்து குனிந்து போல்ட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "ஆடுதா, ஆடுதா?" என்று கேட்டேன். இருபது முறையாவது தள்ளியிருப்பாள். பிறகுதான், "இல்ல" என்றாள்.

மாவுக்கட்டு பிரித்து, கை தேறி, லேபில் கொடுத்த லீவு முடிந்து டியூட்டிக்குத் திரும்பிய முதல் நாள். கூடவே உட்கார்ந்து வருகிறேன் என்று நான் சொன்னேன். அவள் தலையசைத்து மறுத்தாள்.

"வண்டியில வேண்டாம் மாமா. நீங்க வளைவுல போய் நில்லுங்க. மதிலுக்கு முன்னால."

போய் நின்றேன். இடிந்த மதிலைப் புதுச்செங்கல் வைத்துக் கட்டியிருந்தார்கள். மீன்காரி என்னையும் இறக்கத்தையும் ஒரு பார்வை பார்த்தாள். "நான் இண்ணு அந்தப் பக்கம் இருந்துக்கிடுதேன் மேஸ்திரி" என்று பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாள். அவள் பாத்திரம் இருந்த இடத்தில் நான் நின்றேன். ஆறரை மணி. பின்னால் மதில், ஒதுங்க இடமில்லை.

வண்டி கால்வாய்க் கரையில் திரும்புவது தெரிந்தது. இறங்கியது. மெல்ல வருவாள் என்று நினைத்தேன். மெல்ல வரவில்லை, எல்லோரும் வருகிற வேகத்தில்தான் வந்தாள். கண்ணாடிக்குள் அவள் முகம் தெரிந்தது. தோள் முன்னால் போவது தெரிந்தது. தள்ளுகிறாள். என் தொழில் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு நொடியில் அந்த நாலு போல்ட்டில் நின்றது. நாற்பது வருஷமாக நான் அனுப்பிய வண்டிகளில் எத்தனைக்கு இப்படி நான் முன்னால் நிற்கத் துணிந்திருப்பேன் என்று எனக்குத் தோன்றியது. உங்களிடம் பொய் சொல்லமாட்டேன், எல்லாவற்றுக்கும் அல்ல.

வண்டி என் வேட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"ஆடல்ல மாமா" என்றாள். பிறகு கையிலிருந்த வாட்சைப் பார்த்துவிட்டு, "ஒதுங்குங்க, ஏழு மணிக்குத் திறக்கணும்" என்றாள்.

ஒதுங்கினேன். வளைவில் திரும்பிப் போய்விட்டாள்.

அந்த இறக்கமும் வளைவும் மதிலும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. வீடியோ எடுத்த தம்பி, உங்களைத்தான். பத்து நாளில் தரை போட்ட அந்த வண்டியை அங்கே கொண்டுவாருங்கள். அதன் சொந்தக்காரரே மேலேயிருந்து ஓட்டி வரட்டும். நீங்கள் மதிலுக்கு முன்னால் நில்லுங்கள். நிற்க வேண்டிய இடம் எனக்குத் தெரியும், நான் வந்து காட்டுகிறேன்.